பெற்றோரும் பள்ளிக்கூடமும்

கல்வி என்பது ஆசிரியர் கொடுக்க மாணாக்கர் கொள்ளும் பொருள் என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்றில் கொடுப்போரும் கொள்வோரும் காணப்படுகின்றனரேயன்றி, அப்பிள்ளையை நாள்தோறும் உண்பித்து, உடுப்பித்து, வழியனுப்பி வைக்கும் மூன்றாமவர் காணப்படவில்லை. பிள்ளை ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரமே பள்ளியில் இருக்கிறது. எஞ்சிய நேரமெல்லாம் பெற்றோர் பொறுப்பிலேயே இருக்கிறது. அங்ஙனமாகவும், பள்ளியைப்பற்றிப் பேசுமிடத்துப் பெற்றோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்துப் பேசுவது நம்மவர்க்குப் பழக்கமாய்விட்டது. இப்பழக்கம் நன்றன்று என்பதும், இதனை மாற்றுதற்கு முதலடி வைக்கவேண்டியவர் பெற்றோரல்லர், பள்ளியை நடத்துவோரே என்பதும், அவருள்ளும் மிஷன் பள்ளிகளை நடத்துவோர் முற்படல் வேண்டும் என்பதும் நம் கருத்து.

நம் ஊர்ப்புறங்களில் பெற்றோர் பள்ளிக்கு வரும் சமயங்கள் எவை? பிள்ளையைச் சேர்க்கும் நாள் ஒன்று. சான்றிதழ் பெற்றுச் செல்லும் நாள் மற்றொன்று. இவற்றிற்கிடையே ஓர் அழைப்பு வருமாயின், பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆதலின், எழுத்தறியாத தந்தையொருவர் தலைமையாசிரியர் அறையை அணுகும்போதே, தோளிற்கிடந்த துண்டைக் கையிலெடுத்துக்கொண்டு, குற்றவாளிபோல் ஒதுங்கி நிற்கிறார். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்பது அத்தகையோர் வழிவழியாகச் சொல்லிவந்த மொழி. அதில் ஆசிரியர்மீது வைத்த நம்பிக்கை பெரிது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், "இனி இப்பிள்ளையின் கல்வியில் எமக்குப் பங்கில்லை" என்னும் கைவிடுதலும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது. உடற்றண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் விலக்கிவிட்டது. ஆனால் அக்கைவிடுதலை எந்தச் சட்டமும் தானாக விலக்கிவிட இயலாது.

பெற்றோர் என்றும் இவ்வாறு ஒதுங்கியிருந்தவரல்லர். சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் நாட்டுப் பள்ளிகளின் நிலையை ஆராயும்படி ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். அவர் 1826ஆம் ஆண்டு எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அஃதாவது, ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அப்பள்ளிகளிற் பெரும்பாலானவற்றை நடத்தியது அரசாங்கமன்று; பெற்றோர் மாதந்தோறும் பிள்ளைக்கு நான்கணா முதல் எட்டணா வரையிற் கொடுத்த சம்பளமே அவற்றைத் தாங்கிற்று. உபாத்தியாயர் ஊர்த் திண்ணையில் அமர்ந்து கற்பித்தார். வழியே போகும் தந்தை நின்று கேட்டார். பாடம் நடவாவிடில் ஏனென்று வினாவினார். திண்ணைக்குக் கதவில்லை. எனினும், அத்திண்ணையில் ஏறும் உரிமை பல சாதியார்க்கு மறுக்கப்பட்டிருந்தது. பெண்மக்களுட் சிலரே அங்குக் கற்றனர். ஆகவே பழமையனைத்தும் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளியிலிருந்து நாம் கொள்ளத்தக்கது, பெற்றோர்க்கு விடையிறுக்கும் கடமை உபாத்தியாயர்க்கு இருந்தது என்னும் அவ்வொரு செய்தியே.

1854ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வந்த கல்வி அறிக்கைக்குப் பின் உதவிப்பணம் வழங்கும் முறை ஏற்பட்டது. மிஷனரிமார் நடத்திய பள்ளிகள் பல அதனாற் பெருகின. திண்ணை ஏற்றாதவரையும் அவை ஏற்றன. இது நம் நாட்டிற்கு நேர்ந்த பெருநன்மை. ஆயினும் உதவிப்பணம் பெறும் பள்ளி, உதவிப்பணம் தருவோர்க்கே கணக்குக் காட்டும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. பெற்றோர் வரும் நாள் என்று ஒன்று குறிக்கப்படவில்லை. பள்ளி பரந்தது, அதன் மதிலும் உயர்ந்தது.

நாடு விடுதலை பெற்றபின், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் இயக்குநராகவும் இருந்த காலத்தில், ஊராரைப் பள்ளியின்பால் திருப்பும் முயற்சி பெரிய அளவில் நடந்தது. 1950களின் பிற்பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் பொறுப்பில் ஊராரும் பங்குகொண்டனர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடின. நிலமுடையவர் நிலம் தந்தார். மரமுடையவர் பலகை தந்தார். ஒன்றுமில்லாதவர் தம் உடலுழைப்பைத் தந்தார். அந்நாளிற் கட்டிய அறைகளுட் பல இன்னும் நிற்கின்றன. ஆனால் அவ்வியக்கம் ஊராரிடம் கேட்டது பெரும்பாலும் பொருளை. பள்ளி எவ்வாறு நடத்தப்படவேண்டும் என்று அவர்தம் கருத்தைக் கேட்டது சிறிதே.

கருத்தைக் கேட்கும் கடமையை விதித்தது, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டமே. உதவிபெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக, பள்ளிதோறும் ஒரு மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும்; அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும்; பாதிப்பேர் பெண்டிராக இருத்தல் வேண்டும்; நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் பிள்ளைகளின் தொகைக்கேற்ப இடமளித்தல் வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளியின் நடைமுறையைக் கண்காணித்தலும், வளர்ச்சித் திட்டம் வகுத்தலும், வந்த பணம் செலவான வகையைப் பார்த்தலும் அக்குழுவின் வேலை. நம் மாநில அரசு 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தது. 2024ஆம் ஆண்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்க்கும் அவற்றில் இடமளித்தது.

இங்கேதான் நம் மிஷன் பள்ளிகளின் செய்தி வருகிறது. 2012ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, சிறுபான்மையோர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறுவதோடு நிற்கும் என்று வரையறுக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம், சிறுபான்மையோர் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்றே தீர்த்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பைப்பற்றி ஐயம் எழுப்பி, பெரிய ஆயமொன்று அதனை மீண்டும் ஆராயவேண்டுமா என்னும் வினாவைத் தலைமை நீதிபதியின்முன் வைத்தனர். வழக்கின் போக்கு எவ்வாறாயினும் ஆகுக. நாம் கேட்பது வேறு. சட்டம் கட்டாயப்படுத்தாத காரணத்தால், அடுத்த தெருவிலுள்ள அரசுப் பள்ளியில் ஒரு கூலிக்காரத் தாய்க்குக் கிடைக்கும் இருக்கை, நம் பள்ளியில் கிடையாது போதல் தகுமா?

அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மைச் சமூகத்தார்க்கு அளித்திருக்கிறது. அவ்வுரிமையை நாம் போற்றுகிறோம். ஆயினும் அவ்வுரிமை, பெற்றோரைக் கேளாமல் நடத்துதற்கு அளிக்கப்பட்ட விலக்குச் சீட்டன்று. அன்பினாற் செய்யவேண்டியதைச் சட்டம் வந்து சொல்லும்வரையிற் காத்திருப்பது, சேவையின் பெயரால் நடக்கும் ஸ்தாபனங்களுக்கு அழகுமன்று.

"எழுத்தறியாதவர் குழுவில் அமர்ந்து என்ன பேசுவர்?" என்று சிலர் வினவுவர். குடிநீர்த் தொட்டி கழுவப்பட்டதா, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்பு எத்தனை மாதமாக அவ்வாறிருக்கிறது என்பவற்றைக் கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. பிள்ளைமீது பற்று இருந்தாற் போதும். அன்றியும், எழுத்தறியாதார் யாவரும் அறிவில்லார் என்று கொள்வது நம் கல்வியின் செருக்கேயாகும். பனையேறுந் தொழிலாளி கலயத்தின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவுகிறார்; அது தடவாவிடில் பதநீர் புளித்துக் கள்ளாகும் என்பது அவர்க்குத் தெரியும். நொதித்தலையும் அதனைத் தடுப்பதையும்பற்றி நாம் வகுப்பிற் கற்பிக்கும் பாடம் அதுவன்றோ? வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசையறிந்து பெயரிட்டழைக்கும் கடற்றொழிலாளரை, பூகோள வகுப்பிற்கு ஒரு நாள் அழைத்தவர் எத்தனை பேர்? பாவும் ஊடையும் கணக்கிட்டுக் கரை நெய்யும் நெசவாளர் கையில் எண்கணிதம் இல்லையா? இவர்களை ஆண்டிற்கு ஒருமுறையேனும் வகுப்பில் நிறுத்திப் பேசச் செய்தால், பிள்ளைகள் புதியதொன்றை அறிவர். அதனினும் மேலாக, தம் தந்தை ஆசிரியரால் மதிக்கப்படுவதைக் காண்பர். அக்காட்சி பிள்ளையின் உள்ளத்தில் செய்யும் வேலையைப் பாடநூல் செய்ய இயலாது.

"வலியவர் குழுவைக் கைப்பற்றிக்கொள்வர்" என்பது மற்றொரு தடை. இது வெறும் அச்சமன்று; சாதியும் செல்வமும் கட்சியும் ஊர்ப் பொதுவிடங்களில் நுழைவதை நாம் காண்கிறோம். பெண்டிர்க்குப் பாதியும் நலிந்தோர்க்கு அவர்தம் பங்கும் என்று சட்டம் வரையறுத்ததும் இதுபற்றியே. ஆகவே குழு அமைக்குங்கால், வழக்கமாக மாலையணிந்து மேடையில் அமர்வோரையே மீண்டும் அமர்த்தாமல், ஒருநாளும் மேடையேறாதவரைத் தேடி அமர்த்தல் வேண்டும். பாடம் நடத்தும் முறையும் மதிப்பெண்ணிடுதலும் ஆசிரியர்க்கே உரியன. அவற்றிற் பெற்றோர் கைவையார் என்பதும் தெளிவாக வரையறுக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஆசிரியரோடு வாதாடி, பிள்ளையை ஒரு தனிப்பயிற்சியிலிருந்து மற்றொன்றிற்கு விரட்டும் பெற்றோரை நாம் இங்கே புகழவில்லை. அது பள்ளியோடு கூடியுழைத்தலன்று. பள்ளியை ஏவல் கொள்ளுதல்.

ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது மூன்றாவது தடை. இது உண்மையே. ஆயினும் நாம் வேண்டுவது மிகுதியன்று. தினக்கூலி பெறுவோரை வேலைநாளிற் காலை பத்து மணிக்கு வரச்சொன்னால், அவர் ஒரு நாட்கூலியை இழந்தே வருதல் வேண்டும். வாராதிருந்தால், "அக்கறையில்லாதவர்" என்று நாம் எழுதிவிடுகிறோம். அழைப்பை மாலையிலோ விடுமுறை நாளிலோ வைப்போம். அறிக்கையைத் தமிழில், எளிய சொற்களில், வாய்மொழியாகச் சொல்லுவோம். வந்தவர்க்கு நாற்காலி கொடுத்து உட்காரவைத்துப் பேசுவோம். ஆண்டில் ஒருமுறையாவது, ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரையும், குற்றம் யாதுமின்றி, அப்பிள்ளை செய்த நன்மையொன்றைச் சொல்லுதற்கே அழைப்போம். அவ்வாறு ஒருமுறை அழைக்கப்பட்டவர், பின்னர்க் குறை சொல்ல அழைத்தாலும் அஞ்சாமல் வருவார். அறுவடை நாளிற் பிள்ளையை வேலைக்கு நிறுத்திக்கொள்ளுமுன் ஒருமுறை சிந்திப்பார். வீட்டில், "இன்று படித்ததை எனக்கு வாசித்துக் காட்டு" என்று ஒரு தாய் கேட்பாளாயின், அவள் எழுத்தறியாதவளாயினும் அவ்வீடு ஒரு வகுப்பாகிறது. கேட்பவளுக்குத் தெரியாததைத் தெளிவாகச் சொல்லக் கற்கும் பிள்ளை, தானும் அதனைத் தெளிவாக அறிகிறது.

இறுதியாக, இம்மலரைக் கையிலேந்தியிருக்கும் மாணவரையும் முன்னாள் மாணவரையும் நோக்கிச் சில சொல்ல விரும்புகிறோம். நம் கலாசாலையிற் கற்போருள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர். அவர்தம் பெற்றோருட் பலர் இவ்வாயிலை இன்னும் மிதித்திலர். அதற்குத் தூரமும் செலவும் மட்டுமே காரணம் என்று நாம் எண்ணவில்லை. "அங்கெல்லாம் நாங்கள் எப்படி வருவது?" என்னும் அவர்தம் கூச்சம் ஒரு காரணம், அவர்தம் உடையையும் பேச்சையும் நண்பர் கண்டால் என்ன நினைப்பரோ என்னும் பிள்ளைகளின் கூச்சம் மற்றொரு காரணம். முன்னதைப் போக்கும் பொறுப்பு நிர்வாகத்தாருடையது. பின்னதைப் போக்க மாணவரையன்றி வேறொருவரால் இயலாது. அடுத்த கல்லூரி நாள் விழாவிற்கு உங்கள் தாய்தந்தையரை அழைத்து வாருங்கள். ஆய்வுக்கூடத்தையும் நூல்நிலையத்தையும் நீங்கள் அமரும் இருக்கையையும் அவர்க்குக் காட்டுங்கள். உங்கள் ஆசிரியர்க்கு அவரை அறிமுகஞ் செய்யுங்கள். முன்னாள் மாணவருள் ஆசிரியராயிருப்போர், நாளைக் காலையில் தம் வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டிற்கு நல்ல செய்தியொன்றைச் சொல்லியனுப்பத் தொடங்கலாம்; பெற்றோராயிருப்போர், அழைப்பை எதிர்பாராமலே பள்ளிக்குச் சென்று, "எம்மாலாவது யாது?" என்று கேட்கலாம்.

நம் முன்னோர் கட்டிய மதில்கள், ஆடுமாடு நுழையாதிருக்கவும் பிள்ளைகள் காவலோடிருக்கவும் எழுப்பப்பட்டவை. அவை பெற்றோரைத் தடுக்க எழுந்தவையல்ல. கதவின் தாழ் உட்புறத்தில் இருக்கிறது. ஆதலின் உள்ளிருப்போரே அதனைத் திறத்தல் வேண்டும்.