செய்து முடித்தும் போய்ச் சேராத செயலி

கம்ப்யூட்டர் செயலி ஒன்றை எழுதி முடிப்பது இப்போது பெரிய வேலையே இல்லை. வலைப்பக்கம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் கோவையில் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதே எச்டிஎம்எல்லையும் ஜாவாஸ்கிரிப்டையும் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் வைத்துக் கட்டினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிட்ஹப் நிறுவனம் 2013-இல் தன் ஆட்டம் எடிட்டருக்காகத் தொடங்கிய வேலை அது. இன்று விஎஸ் கோடும் ஸ்லாக்கும் அதன்மேல்தான் நிற்கின்றன. அதை நம்பித்தான் சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்களுக்காக ஒரு செயலி செய்தோம். பாவு வரவு, மீட்டர் கணக்கு, கூலி பில் எல்லாம் தமிழிலேயே தெரியும். நன்றாகவே ஓடுகிறது. அதைப் பொட்டலம் கட்டி அவர்கள் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் உயிர் போகிறது.

முதலில் அதன் கனம். நாங்கள் எழுதியது சில எம்பிதான். ஆனால் எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு போகிறது. இன்ஸ்டாலரே 100 எம்பியை ஒட்டி வருகிறது. நிறுவிய பிறகு 250 எம்பியைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சுமையால் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது: எழுத்துருவையும் உள்ளேயே வைத்துவிட்டால், கொம்பும் காலும் இடம் மாறாமல் எல்லா மெஷினிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியும். ஆனால் அனுப்புவது எப்படி? இஎக்ஸ்இ கோப்பை ஜிமெயில் வாங்காது, ஜிப் செய்து வைத்தாலும் திருப்பிவிடும். கூகுள் டிரைவில் போட்டால், 100 எம்பிக்கு மேல் வைரஸ் சோதனை செய்ய இயலாது என்ற எச்சரிக்கை முன்னால் வந்து நிற்கும். கடைசியில் யாராவது ஒருவர் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்ப வேண்டியிருக்கிறது.

வண்டி வேண்டாம், கூகுள் டிரைவிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள் என்றாலும் தீர்ந்ததா? பதிவிறக்கிய புதுச் செயலியைத் திறந்ததும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலப் பெட்டியைக் காட்டித் தடுக்கும். ‘மோர் இன்ஃபோ’வை அழுத்தினால்தான் ‘ரன் எனிவே’ கண்ணில் படும். அதைப் பார்த்த எந்தத் தறிக்காரரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங் தம்பி, கம்ப்யூட்டரே வேண்டாங்குதுங்களே, டாலி கணக்கெல்லாம் அழிஞ்சு போயிராதுங்களா?” அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத கோப்பைத் திறக்காதீர்கள் என்று நாம்தானே ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறோம்.

எனக்குப் பொறுக்காதது அந்த நம்பிக்கையை அளக்கும் விதம். ஸ்மார்ட்ஸ்கிரீன் ஒரு கோப்பை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், அதனால் யாருக்கும் கேடு வந்ததா என்று பார்த்துப் பார்த்துத்தான் நற்பெயர் தருகிறது. உலகம் முழுக்க விற்கிறவர்களுக்கு அது சரி. எங்கள் செயலிக்கு மொத்தமே ஐம்பது அறுபது தறிக்கூடங்கள்தான். அத்தனை பேரும் வாங்கினாலும் அந்த அளவுகோலில் நாங்கள் தெரியப்போவதில்லை. செய்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோப்பென்றால், ஒரு வரி மாற்றிப் புதுப் பதிப்பு கட்டினாலே அது வேறு கோப்பு. சேர்ந்த பெயரும் போய்விடும். வரி மாறினால் புதுப் பதிப்பைத் தள்ளிப்போடவும் முடியாது. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி முடிவெடுத்தது. 22-ஆம் தேதி புது வரி அமலுக்கு வந்தது. செயற்கை இழை நூலுக்கு 12 சதவீதம் 5 ஆயிற்று. 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரையிலான ஆயத்த ஆடைக்கும் அப்படியே. கோவை, திருப்பூர், ஈரோட்டில் பில் போடும் செயலி செய்கிற எவரும் அந்தப் பத்தொன்பது நாளுக்குள் புதுப் பதிப்பு தந்தே ஆகவேண்டும். அவசரம் அதிகமான அந்த வாரத்தில்தான் கோப்பும் ஊர் பேர் தெரியாத கோப்பாகிறது.

கையொப்பம் வாங்கினால் என்ன என்பார்கள். வாங்கலாம், வருடத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். 2023 ஜூன் முதல் அதன் சாவி யூஎஸ்பி டோக்கன் போன்ற பாதுகாப்பான சாதனத்தில்தான் இருக்கவேண்டும் என்பது விதி. ஆடிட்டர் மேசையில் கிடக்கும் டிஎஸ்சி டோக்கன் கம்பெனிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஆகும். இதற்கு ஆகாது, தனிச் சான்றிதழ் வேண்டும். கூடுதல் விலை கொடுத்து ஈவி சான்றிதழ் வாங்கினால் நீலப் பெட்டி உடனே விலகும் என்ற நிலை முன்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இன்னொரு பக்கம் பழைய மெஷின்கள். எடை மெஷினோடு சீரியல் போர்ட் வழியே கட்டிப்போட்ட விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை எந்த முதலாளியும் தூக்கிப் போடமாட்டார், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பார். எலக்ட்ரான் 2023-இல் 23-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. ஆக, 22-லேயே நின்றுவிட்ட ஒரு பொட்டலம், புதியவர்களுக்கு ஒரு பொட்டலம். எடையைப் படிக்கும் சீரியல்போர்ட் மாட்யூலையும் இரண்டுக்கும் பொருந்தவைத்துச் சோதிக்கவேண்டும். ஸ்டோரில் போட்டால் கையொப்பத் தொல்லை குறையும்தான், விண்டோஸ் 7-இல் ஸ்டோரே கிடையாதே!

விண்டோஸோடும் முடிவதில்லை. திருப்பூர் டிசைனர்கள் மேக் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கையொப்பம், நோட்டரைசேஷன் என்ற ஆப்பிளின் சோதனை. லினக்ஸுக்கு டெப், ஆர்பிஎம், ஆப்இமேஜ். சிறியதாக வேண்டுமென்றால் எலக்ட்ரானுக்கு மாற்றாக டாரி இருக்கிறது, சில எம்பியில் முடியும். ஆனால் அது அந்தந்த மெஷினின் வெப்வியூவை நம்பி நிற்பது. விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று. மூன்றிலும் கூலி பில் ஒரே மாதிரி அச்சாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜிஎஸ்டி எண், பான், முகவரி எல்லாம் சரிபார்த்துத்தானே சான்றிதழ் தருகிறார்கள்? அப்படிச் சரிபார்த்த ஆளின் கையொப்பம் இருந்தால் முதல் நாளே கதவு திறக்கட்டும். தப்பு செய்தால் சான்றிதழைப் பிடுங்கட்டும். ஐம்பது பேருக்காகச் செய்கிறவனிடம் ஐம்பதாயிரம் பேரின் சாட்சி கேட்கவேண்டாம்.