டிஃபரன்ஷியல்ல ஆயில் கசியுது... பிரிக்கலாமா, விட்டுடலாமா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கிற பதிவு. அரசியல், சினிமா தேடி வந்தவங்க மன்னிக்கவும். பழைய வண்டி வச்சிருக்கிறவங்க மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் இருந்து படிச்சுட்டுப் போங்க.

பூந்தமல்லியில் ஓடுகிற வண்டிகளைப் பாருங்க. மாருதி ஆம்னி, ஈகோ, டாட்டா ஏஸ், பொலீரோ, 407. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு விஷயம், பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுது. அதனால பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குடம் மாதிரி ஒண்ணு தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல் ஹவுசிங். முன் சக்கரம் இழுக்கிற ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் வகையறாவுக்கு இது கியர் பாக்ஸுக்குள்ளேயே அடக்கம். அவங்களுக்கு இந்தத் தொல்லை தனியா கிடையாது.

குடத்துக்குள்ள கிரௌன், பினியன்னு ரெண்டு பெரிய பல்சக்கரம். எண்ணெய் ஊத்தி விட பம்ப் எல்லாம் கிடையாது. கிரௌன் சுத்தும்போது அடியில இருக்கிற ஆயிலை அள்ளி மேலே வீசும், அதுலதான் பேரிங் எல்லாம் நனையும். சின்ன வண்டின்னா மொத்த ஆயிலே ஒண்ணு, ஒன்றரை லிட்டர்தான். அது குறைஞ்சா சூடாகும், ஊளைச் சத்தம் வரும், கடைசியில பல்லு போகும்.

சரி, மேட்டருக்கு வருவோம். எதிர் வீட்டு அண்ணன் ஒரு ஆம்னி வச்சிருக்கார். 2019லயே கம்பெனி தயாரிப்பை நிறுத்தின வண்டி. விடியற்காலையில கோயம்பேடு போய் பூ ஏத்திட்டு வந்து குமணன்சாவடி, கரையான்சாவடி பக்கம் கடைகளுக்குப் போடுவார். ஒரு நாள் வண்டி நின்னா அன்னிக்கு வரும்படி இல்லை, வாடிக்கைக் கடை வேற ஆளைத் தேடிடும். அந்த வண்டியில டிஃபரன்ஷியல் கசிய ஆரம்பிச்சது. ஒரு மெக்கானிக், "மொத்தமா இறக்கி பேரிங், சீல் எல்லாம் மாத்திடலாம், ரெண்டு நாள் வண்டிய விடுங்க"ன்னார். இன்னொருத்தர், "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும், ஓட்டுங்க"ன்னார். "நான் யார் பேச்சைக் கேக்கிறது தம்பி?"ன்னு அண்ணன் என்கிட்ட வந்தார்.

என் கட்சி இதுதான். ரெண்டு பேர் பேச்சையும் கேக்க வேணாம். ரெண்டு பேருமே கீழே குனிஞ்சு பார்க்காம சொன்ன பதில் அது. எவ்வளவு ஒழுகுதுங்கிறது ரெண்டாவது கேள்வி. எங்கேர்ந்து ஒழுகுதுங்கிறதுதான் முதல் கேள்வி.

முதல் இடம், சக்கரத்துப் பக்கம். ஆக்சில் சீல் போயிருந்தா ஆயில் பிரேக் டிரம்முக்குள்ள இறங்கி லைனரை நனைச்சிடும். நனைஞ்ச லைனர் பிடிக்காது, இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வண்டியை இழுக்கும். டயரோட உள்பக்கம் ஈரமா இருந்தா தொட்டு மோந்து பாருங்க. கியர் ஆயில் கெட்டியா இருக்கும், கந்தக நாத்தம் அடிக்கும். தண்ணி மாதிரி, அந்த நாத்தம் இல்லாம இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் வண்டியை அன்னிக்கே நிறுத்தணும். பெங்களூர் ஹைவேயில முன்னாடி போற கண்டெய்னர் லாரி திடீர்னு பிரேக் அடிச்சா, ஆயில் குடிச்ச லைனரை நம்பி என்ன செய்ய முடியும்? இங்கே "சின்னக் கசிவுதானே"ங்கிற பேச்சுக்கே இடமில்லை.

ரெண்டாவது இடம், மூக்கு. அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேருகிற பினியன் பக்கம். இங்கே கசிஞ்சா அவசரம் இல்லை, ஆனா கவனிக்கணும். ஷாஃப்ட்டைக் கையால பிடிச்சு மேலும் கீழுமா ஆட்டிப் பாருங்க. மூக்கில் ஆட்டம் இருந்தா பேரிங் தேஞ்சிருக்கு, வெறும் சீல் மாத்தினா திரும்பவும் ஒழுகும். ஆட்டம் இல்லை, சத்தமும் இல்லைன்னா, ரப்பர் வயசாகி இறுகிப் போச்சு, அவ்வளவுதான்.

மூணாவது இடத்தைப் பலரும் பார்க்கிறதே இல்லை. ஹவுசிங் மேல சின்னதா ஒரு மூடி இருக்கும், பிரீதர். ஆயில் சூடாகும்போது உள்ளே காத்து விரியும், அது வெளியே போற வழி இது. மண்ணு அடைச்சுக்கிட்டா காத்துக்குப் போக்கிடம் இல்லாம சீல் வழியா ஆயிலைத் தள்ளும். நல்ல சீலே கசியும். சீலுக்குக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைச் சுத்தம் பண்ணிப் பார்க்கணும். பத்து நிமிஷ வேலை. நம்ம ஊர் ரோட்டுப் புழுதிக்கு, மெட்ரோ வேலை நடந்த வருஷங்கள்ல மவுண்ட் பூந்தமல்லி ரோட்டுல நாம குளிச்ச சேத்துக்கு, இது அடைக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்!

இப்போ அளவுக் கணக்கு. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையைப் போட்டு வைங்க. பத்து சொட்டு விழுந்திருக்குன்னு வச்சுக்குவோம். இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி. அப்போ ராத்திரிக்கு அரை மில்லி, மாசத்துக்கு பதினஞ்சு, வருஷத்துக்கு நூத்தி எண்பது மில்லி. ஒன்றரை லிட்டர்ல இது எட்டுல ஒரு பங்கு கூட இல்லை. ஆனா ஓடும்போது ஆயில் சூடாகி இளகி இன்னும் கூடப் போகும். அதனால அட்டையை மட்டும் நம்பாதீங்க. மாசம் ஒரு தடவை சமதரையில நிறுத்தி, ஹவுசிங்ல ஆயில் ஊத்துற போல்ட்டைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. துவாரத்தோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் இருக்கணும். அதுக்கு மேல அமுக்கி ஊத்தினாலும் தப்பு, அதுவே கசியும்.

ஊத்துறதுலயும் ஒரு சங்கதி. கடையில "90 நம்பர் கொடுங்க"ன்னு கேட்டு வாங்கிடறோம். 90ங்கிறது கெட்டித்தன்மை மட்டும்தான். இந்த வகை கிரௌன் பினியனுக்கு டப்பாவுல ஜிஎல்-5ன்னும் போட்டிருக்கணும். பல்லும் பல்லும் உரசி வழுக்குற இடத்துல காப்பாத்துற மருந்து அதுலதான் போதுமான அளவு இருக்கு.

"அப்போ ஊத்தி ஊத்தியே ஓட்டிடலாமே?"ன்னு கேப்பீங்க. மே மாசத்துல கேட்டா, மூக்குக் கசிவுன்னா சரின்னுதான் சொல்வேன். ஐப்பசி அடைமழையில கேட்டா சொல்ல மாட்டேன். நாம இருக்கிறது செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துல. 2015 டிசம்பர்லயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை வண்டி அச்சு முழுக நின்னுச்சுன்னு பார்த்தோம். சூடா ஓடி வந்த ஹவுசிங் குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ளே காத்து சுருங்கி வெளியேர்ந்து இழுக்கும். ஆயில் வெளியே வர்ற ஓட்டை தண்ணி உள்ளே போற ஓட்டையாவும் ஆகலாம். தண்ணி கலந்த ஆயில் காப்பி நிறத்துல நுரைச்சு நிக்கும். அதோட நாலு மாசம் ஓட்டினா பேரிங் துருப் பிடிச்சு, சில நூறு ரூபா சீல் விவகாரம் பல ஆயிரத்துல முடியும்.

அண்ணன் வண்டியில சக்கரம் ரெண்டும் உலர்ந்திருந்தது. மூக்குலதான் ஈரம். பிரீதர் மண்ணா அடைச்சிருந்தது. சுத்தம் பண்ணினதும் கசிவு பாதி குறைஞ்சது, நிக்கலை. ஆவணி முகூர்த்தம் முடியற வரை டாப் அப் பண்ணி ஓட்டினார். நவராத்திரி வியாபாரத்துக்கு முன்னாடி, புரட்டாசி ஆரம்பத்துல ஒரு அரை நாள் பினியன் சீலை மட்டும் மாத்தினாங்க. மெக்கானிக்கிட்ட நாங்க கேட்டது ஒண்ணுதான். கழட்டுறதுக்கு முன்னாடி நட்டுக்கு அடையாளம் போட்டு, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டு வாங்கன்னு. பல வண்டிகள்ல அந்த நட்டை இஷ்டத்துக்கு முறுக்கினா பேரிங் மேல அழுத்தம் ஏறி, அமைதியா இருந்த ஹவுசிங் ஊளையிட ஆரம்பிச்சிடும்.

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பொருளைப் பிரிக்கிறதும் ஒரு ரிஸ்க்குதான்னு நம்ம ஆளுங்க யாரும் கணக்குல எடுக்கிறதில்லை. பிரிக்காம விடுறதும் ஒரு ரிஸ்க்தான்னு இன்னொரு கோஷ்டி ஒத்துக்கறதில்லை. சக்கரத்துப் பக்கம்னா இன்னிக்கே, மூக்குன்னா மழைக்கு முன்னாடி, ரெண்டுக்கும் முதல்ல பிரீதர். இதுதான் என் தீர்ப்பு. மாத்துக் கருத்து இருக்கிறவங்க தாராளமா சண்டைக்கு வரலாம் :)

டிஸ்கி: கீழே படுத்துப் பார்க்கிறவங்க வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீங்க சாமி. ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு அப்புறம் படுங்க. ஆயிலை திரும்ப வாங்கிக்கலாம்.