சும்மா மன்னித்திருக்கக் கூடாதா?



லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் நமக்கு வரும் கடிதங்களின் சாயலே மாறிவிடும். சண்டே ஸ்கூல் நடத்தும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "கடவுளால் எல்லாம் முடியும்னா, 'சரி போ, மன்னிச்சிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிஸ்? இயேசு எதுக்குச் சாகணும்?" என்று கேட்டானாம். "பெரியவனானா புரியும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாராம். ஆனால் மனசு கேட்கவில்லையாம்.

பெரியவர்களான நமக்குப் புரிந்துவிட்டதா? "கிறிஸ்து நமக்காக மரித்தார்" என்று சிறு வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. ஏன் மரிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு இந்து நண்பரோ முஸ்லிம் நண்பரோ அக்கறையோடு கேட்டால் எத்தனை பேர் நிதானமாகப் பதில் சொல்வோம்?

பையனின் கேள்வி அவநம்பிக்கையில் பிறந்ததும் இல்லை, புதியதும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஃபாவுஸ்டோ சொசினி இதையே கூர்மையாகக் கேட்டார். கடன் கொடுத்த மனிதன், மனமிருந்தால் ஒரு பைசா வாங்காமல் கடனைத் தள்ளுபடி செய்யலாம். அந்த உரிமை கடவுளுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று? நேர்மையான கேள்வி. "நம்பு, கேட்காதே" என்று இதை மூடிவிடக் கூடாது.

தள்ளுபடி என்கிறோமே, அதையே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தொழில் தொடங்க வேண்டும் என்று அக்காவின் பத்து சவரன் நகையை வாங்கி அடகு வைக்கிறான் தம்பி. தொழில் படுத்துவிட்டது. வட்டி கட்டவில்லை. நோட்டீஸ் வந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. நகை ஏலத்துக்குப் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கென்று அக்கா வருஷக்கணக்கில் சேர்த்த நகை அது. சில மாதம் அவள் அவனோடு பேசவில்லை. பிறகு கிறிஸ்துமஸ் அன்று தானே போன் செய்து வரச்சொல்லி, இலை போட்டுப் பரிமாறிவிட்டு, "நகையைப் பத்தி இனிமே பேச வேண்டாம்டா, சாப்பிடு" என்கிறாள். இப்படி நடந்த வீடு உங்களுக்கும் ஒன்றிரண்டு தெரிந்திருக்கும்.

அவள் மன்னித்துவிட்டாள். சரி, அந்தப் பத்து சவரன் என்ன ஆயிற்று? காற்றில் கரைந்துவிட்டதா? மகளுக்காக அவள்தான் முதலிலிருந்து சீட்டுக் கட்ட வேண்டும். "உன் தம்பியை நம்பிக் கொடுத்தியே" என்ற குத்தல் பேச்சையும் அவள்தான் கேட்க வேண்டும். தம்பியின் தலையிலிருந்து இறங்கிய பாரம் நேராக அக்காவின் தலையில் ஏறியிருக்கிறது. வெளியாட்களுக்கு அவள் சும்மா மன்னித்துவிட்ட மாதிரித் தெரியும். அவளுக்கல்லவா தெரியும், அது சும்மா இல்லை என்று!

சொசினி சொன்னது சரி, கடன் கொடுத்தவர் தள்ளுபடி செய்யலாம். செய்த அந்த நிமிஷமே நஷ்டம் அவருடையதாகிவிடுகிறது. உண்மையான மன்னிப்பு எதுவானாலும் யாரோ ஒருவர் அதன் விலையைச் சுமந்துதான் தீர வேண்டியிருக்கிறது. உலகத்தின் பாவத்தை மன்னிக்க ஆகும் விலையைக் கடவுள் தாமே சிலுவையில் சுமந்தார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் மையம் என்று நான் முழு மனதோடு சொல்வேன்.

அதிலும் பாவம் என்பது கடவுளுக்கும் எனக்கும் நடுவில் மட்டும் முடிகிற விஷயமா? போலிப் பத்திரம் போட்டு ஒரு விதவையின் நிலத்தைப் பறித்தவனிடம் "பரவாயில்லை, விடு" என்று கடவுள் சொல்லிவிட்டால், அந்த அம்மாவின் கண்ணீர் ஒரு பொருட்டே இல்லை என்றல்லவா ஆகிவிடும்? அவன் செய்தது அநியாயம் என்பதும் நிலைக்க வேண்டும், அவன் மனந்திரும்பினால் பிழைக்கவும் வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் மல்லுக்கட்டுவது இந்தச் சிக்கலோடுதான்.

இயேசுவும் அவருடைய முதல் சீஷர்களும் யூதர்கள். எனவே இந்த மரணத்தைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு படம் கண்முன்னாலேயே இருந்தது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து இந்த வாரம் எடுத்துப் படித்துப் பாருங்கள். பலிகளும் சட்டங்களும் நிறைந்த புத்தகம் என்று நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடும் பக்கங்கள் அவை.

வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாள். அன்று பிரதான ஆசாரியன் தன் அலங்கார உடைகளைக் கழற்றிவிட்டு, குளித்து, வெறும் சணல்நூல் அங்கியைப் போட்டுக்கொள்வான். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும், சீட்டுப் போடப்படும். ஒன்று பலியாகும், அதன் இரத்தத்தை அவன் திரைக்கு உட்புறம் கொண்டுபோய்க் கிருபாசனத்தின் மேலும் அதன் முன்னாலும் தெளிப்பான். மற்றதை உயிரோடு நிறுத்தி, அதன் தலையில் தன் இரண்டு கைகளையும் வைத்து, மக்கள் செய்த அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுவான். அதற்கென்று நியமிக்கப்பட்ட ஒருவன் அந்த ஆட்டை வனாந்தரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவான். விட்டுவிட்டு வருகிறவனும் தன் துணிகளைத் துவைத்துக் குளித்த பிறகுதான் பாளயத்துக்குள் நுழையலாம். தங்கள் பாவம் தங்களை விட்டுத் தூரமாகப் போவதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஓர் ஏற்பாடு!

எருசலேம் ஆலயத்தில் இது கி.பி. 70-இல் ரோமர்கள் அதை இடித்துத் தள்ளும் வரை நடந்தது. யூத மக்கள் அதன் பிறகு ஜெபம், மனந்திரும்புதல், தானதர்மம் என்ற வழியில் பாவநிவாரண நாளை ஆசரித்து வருகிறார்கள்; பலியைவிட இரக்கமே வேண்டும் என்று சொன்ன ஓசேயா தீர்க்கதரிசி அவர்களுக்கும் நமக்கும் பொதுவானவர்தானே. கிறிஸ்தவர்களோ வேறொன்றைக் கண்டார்கள். வருஷா வருஷம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே அந்தப் பலிகள் வேலையை முடிக்கவில்லை என்பதற்கு அடையாளம் என்கிறார் எபிரெயருக்கு எழுதியவர். ஆட்டின் இரத்தம் மனசாட்சியைக் கழுவுமா? பஸ்காப் பண்டிகை நாட்களில், ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் அதே நகரத்தின் வாசலுக்கு வெளியே, ஒருவர் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார். அந்தப் பலி ஒரே தரம் நடந்தது, இனி திரும்ப நடக்க வேண்டியதில்லை என்று எபிரெயர் 10-ஆம் அதிகாரம் அழுத்திச் சொல்கிறது.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் சில சமயம் இந்தச் செய்தி சொல்லப்படும் விதம் எனக்கு வேதனையாக இருக்கிறது. கோபத்தில் கொதிக்கும் பிதா ஒரு பக்கம், பாவிகளான நாம் ஒரு பக்கம், நடுவில் அகப்பட்டு அடிவாங்கும் ஒரு பாவமறியாத பிள்ளை. இப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குப் பிதாவின் மேல் அன்பு எப்படி வரும்? நம் அக்கா, நகை போன ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையை இழுத்துவந்து அடிக்கவில்லையே. நஷ்டத்தைத் தானே அல்லவா ஏற்றுக்கொண்டாள்? கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே என்பது 2 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரம். தம் உயிரை ஒருவரும் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக இயேசு சொல்வது யோவான் 10-ஆம் அதிகாரம். சிலுவையில் தொங்கியவர் மூன்றாம் மனிதர் இல்லை. நியாயம் தீர்க்க வேண்டியவரே அங்கே இருந்தார்.

கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூல் இந்தப் புள்ளியைத்தான் பிடித்துக்கொண்டது. கடன்பட்டவன் மனிதன், எனவே மனிதன்தான் செலுத்த வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய கடனைச் செலுத்தக் கடவுளால்தான் முடியும். ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது அவர் வாதம். நூல் முழுக்க உரையாடல்தான். போசோ என்ற மாணவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு இடத்திலும் அன்செல்ம் அவரை உட்கார வைக்கவில்லை! நம் சண்டே ஸ்கூல் ஆசிரியர்களுக்கு இது தைரியம் தரட்டும்.

எல்லோரும் அன்செல்ம் வழியில் போகவில்லை. சிலுவையில் தெரியும் அன்பு நம் கல் நெஞ்சை உருக்குகிறது என்பதை இறையியலாளர் அபெலார்டு முன்னே வைத்தார். மரணத்தையும் பிசாசையும் வென்ற வெற்றி என்பதைக் கிழக்குத் திருச்சபைகள் இன்றும் உரத்துப் பாடுகின்றன. திருவிருந்து ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணமோ, கிறிஸ்து நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நின்றுகொள்கிறது. எப்படி என்ற விளக்கத்துக்குள் போகவில்லை. நாமும் ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் மரணம் அவசியம்தானா, வேறு வழியே இல்லையா? என்னைப் பொறுத்தவரை இதற்குப் பதில் கெத்செமனேயில் இருக்கிறது. "வேறு வழி இல்லையா?" என்று முதலில் கேட்டவர் இயேசுதான். ஒலிவ மலை அடிவாரத் தோட்டத்தில், இரவு நேரத்தில், முகங்குப்புற விழுந்து, கூடுமானால் இந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கட்டும் என்று பிதாவிடம் கேட்கிறார். ஒருமுறை அல்ல, மூன்று முறை கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். கூட வந்த சீஷர்களோ தூங்கிவிட்டார்கள். மலிவான வழி ஒன்று இருந்திருந்தால், அந்த மகன் அப்படிக் கெஞ்சியபோது அந்தத் தகப்பன் அதைக் கொடுத்திருக்க மாட்டாரா? பிள்ளை பெற்ற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த விலையை நினைத்து உருகிய தமிழ்க் கவிஞர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் 1827-இல் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. அதன் சில செய்யுள்களைப் பள்ளித் தமிழ்ப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' கதைதான் அதற்கு மூலம். பன்யனின் கதையில் சிலுவையருகே வந்ததும் பயணியின் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுந்துவிடும், சிறிய பகுதிதான். கம்பனில் ஊறிய நம் கவிஞருக்கு அது போதவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை 'இரட்சணிய சரித படலம்' என்று தனியே விரித்துப் பாடிவிட்டார். சுமை இறங்கினால் போதும் என்று அவரால் கடந்துபோக முடியவில்லை. அது யார் மேல் ஏறியது என்று பார்த்து உருகாமல் இருக்க முடியவில்லை.

இதெல்லாம் நம் வீடுகளுக்குள் வரும்போது என்ன ஆகிறது?

குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், "நான் என்ன பாவம் செய்தேனோ, கர்த்தர் தண்டிக்கிறார்" என்று குமையும் தாய்மார்கள் நம் சபைகளில் நிறையப் பேர். கேன்சர் வார்டில் படுத்துக்கொண்டு, இளவயதில் செய்த ஏதோ ஒன்றுக்கு இப்போது தவணை கட்டுவதாக நினைக்கிற தகப்பன்மார்களும் உண்டு. சிலுவையில் விலை முழுதும் தீர்ந்தது என்பது உண்மையானால், கடவுள் உங்கள் பிள்ளையின் உடம்பில் மிச்சம் வசூலிப்பாரா? மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், ஜெபியுங்கள். உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் "இயேசு உனக்காகச் சுமந்தாரே, நீயும் உன் சிலுவையைச் சும" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இயேசு மனமுவந்து தம்மைத் தந்தார். இவளையோ நாம் பிடித்துத் தள்ளுகிறோம். போதுமான பலி ஒரே தரம் நடந்து முடிந்துவிட்டது என்று பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் பாடிவிட்டு, வீட்டுக்குள் இன்னொரு பலியை எப்படிக் கேட்போம்? மன்னிப்பதா, எப்போது மன்னிப்பது என்பதெல்லாம் அவள் மனதில் வர வேண்டிய முடிவு. அதற்கு முன்னால் அவளும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும்.

உங்கள் தெருவிலோ சபையிலோ அப்படி ஒரு சகோதரி இருந்தால், இந்த லெந்து நாட்களிலேயே போய்ப் பாருங்கள். இரண்டு நாள் தங்க இடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. அவள் போனில் அதைப் பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்