சூட்டுக் கட்டி அல்ல

அக்காவுக்கு முதல் கட்டி வந்தபோது அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இடது அக்குளில் சுண்டைக்காய் அளவில் இருந்தது. "மாம்பழம் தின்னேல்ல, சூட்டுக் கட்டிடி" என்ற அம்மா, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாள். நாலாம் நாள் பழுத்து உடைந்தது. மார்கழியில் அதே இடத்தில் மறுபடி வந்தது. அந்தக் குளிரிலும் அதைச் சூடு என்றே சொன்னோம்.

பதினொரு வருடம் அப்படியே போனது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மாறி மாறி வந்தது. கையைத் தூக்க முடியாததால் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க மாட்டாள். கறை தெரியக்கூடாதென்று கறுப்பு ரவிக்கையாகவே தைத்துக்கொண்டாள். வாடை வந்துவிடுமோ என்று கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்காருவாள். ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் மாத்திரை; சில முறை கீறிச் சீழ் எடுத்தார்கள். "நல்லா சோப்பு போட்டுக் குளிம்மா" என்றார் ஒரு டாக்டர். இரண்டு வேளை குளிக்கிற அக்கா அன்று வீடு வரும் வரை பேசவில்லை.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் கேட்டார்: "வேற எங்கெல்லாம் வருது? ஆறு மாசத்துல எத்தனை தடவை?" அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு டாக்டரிடமும் ஒரு கட்டியை மட்டுமே காட்டி வந்திருக்கிறாள்.

நோயின் பெயர் ஹைட்ராடினைடிஸ் சப்புரடிவா. வியர்வைச் சுரப்பியின் கோளாறு என்று நினைத்த காலத்தில் வைத்த பெயர். உண்மையில் முடிக்கால் அடைபட்டு, தோலுக்கு அடியில் வெடித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அங்கே அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நாளடைவில் கட்டிகளுக்கு இடையே சுரங்கம் போல வழிகள் உண்டாகித் தழும்பு ஏறும். இது ஒட்டிக்கொள்ளாது. அழுக்கினாலும் வருவதில்லை. பெரும்பாலும் பருவம் எய்திய பிறகே தொடங்கும். புகைப்பழக்கமும் உடல் பருமனும் இருந்தால் கடுமையாகும்.

'மூலதனம்' எழுதிய காலத்தில் கார்ல் மார்க்ஸ் கட்டிகளால் உட்கார முடியாமல் தவித்தார். அவருடைய கடிதங்களைப் படித்த பிரிட்டன் தோல் மருத்துவர் சாம் ஷஸ்டர், அது இந்த நோயாகவே இருக்க வேண்டும் என்று 2007இல் எழுதினார். இதைச் சொன்னபோது அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவருக்கும் யாரும் பேர் சொல்லலையா?" என்றாள்.

அடிக்கடி வரும் எல்லாக் கட்டியும் இந்த நோயல்ல. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியால் வருவதே அதிகம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய மூக்கில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி வந்தால் துண்டு, சவரக் கத்தி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியால் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒற்றடம் கொடுக்கலாம். பிதுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ முகத்தில் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

அக்காவுக்கு மாதக்கணக்கில் மாத்திரை, பிறகு அக்குளில் ஒரு அறுவைச் சிகிச்சை. இந்த நோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடலிமுமாப் ஊசியும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அது தேவைப்படவில்லை. முழுதாக ஒழியும் நோயல்ல. ஆனால் போன மாதம் கோயில் திருவிழாவில் கூட்டத்தோடு சேர்ந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். எல்லா இடத்தையும் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெண் கையைத் தூக்கத் தயங்கினால், ஏன் என்று நீங்களே கேளுங்கள்.