பிள்ளை பொய் சொல்லுகிறதா?

கொரோனா கண்ட பிள்ளைகளுக்கு ஜுரம் நாலைந்து நாளில் இறங்கிவிடும், பிறகு பழையபடி ஓடியாடும் என்று 2020-ம் வருஷத்தில் வைத்தியர்களும் மந்திரிகளும் சொல்லிவந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை அது மெய்தான். ஆனால் அப்படித் தேறாத பிள்ளைகளும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இங்கிலாந்து தேசத்தில் அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நேர்ந்தவற்றைக் குறித்தே இவ்வாரம் எழுத முன்வந்தோம்.

இவ்வியாதிக்கு "லாங் கோவிட்" என்று பெயர். இப்பெயரை இட்டது எந்த வைத்திய சங்கமுமல்ல. தாமே அவதிப்பட்ட எலிசா பெரெகோ என்னும் இத்தாலியப் பெண்மணி 2020 மே மாதத்தில் இட்டார். அவர் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர். உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களின் லாங் கோவிட் இன்னதென்று வரையறுத்தது 2021 அக்டோபரில். பிள்ளைகளுக்கு வரையறுத்ததோ 2023 பிப்ரவரியில். இடையில் கழிந்த பதினாறு மாதமும் பிள்ளைகளின் வியாதிக்கு ஏட்டில் இடமில்லை. ஏட்டில் இல்லாததை இல்லை என்று சொல்லிவிடுவது படித்தவர்களுக்கு எப்போதுமே சுலபம்.

அந்த வீடுகளில் நடப்பதைச் சிறிது கவனியுங்கள். பிள்ளை திங்கட்கிழமை எழுந்து பள்ளிக்கூடம் போகிறது. பாடம் கேட்கிறது, சிரிக்கிறது, பந்துகூட விளையாடுகிறது. உபாத்தியாயர் பார்த்து, "இதற்கென்ன கேடு?" என்கிறார். புதன்கிழமை அதே பிள்ளைக்குப் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. தலைவலி, உடம்பெல்லாம் நோவு, வெளிச்சமும் சப்தமும் ஆகவில்லை, படித்த வரி மனதில் நிற்பதில்லை. உடம்பை வருத்திய பலன் அன்றே தெரியாமல் ஒருநாள், இரண்டுநாள் கழித்து வந்து தாக்குவது இவ்வியாதியில் பலருக்குக் காணும் குணம். ஆகவே நல்ல நாளைப் பார்ப்பவர் உபாத்தியாயர், கெட்ட நாளைப் பார்ப்பவள் தாய். இருவரில் யார் சொல் சபையேறும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தாய் வேலையை விட்டு வீட்டிலிருக்கிறாள். வீட்டில் வருமானம் குறைகிறது. கூடப்பிறந்த பிள்ளைகள் சப்தம் போடாமல் நடக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

வைத்தியரிடம் போனால் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்கிறார். சோதித்ததில் ஒன்றுமில்லை என்றால், சோதியாததிலும் ஒன்றுமில்லையென்று எப்படி ஆகும்? இப்பிள்ளைகளில் சிலருக்கு நின்றால் நாடி தறிகெட்டு ஓடும். பிள்ளையைச் சிறிது நேரம் படுக்கவைத்து நாடியை எண்ணுங்கள். பிறகு நிற்கவைத்துப் பத்து நிமிஷம்வரை எண்ணுங்கள். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு நிமிஷத்துக்கு 40 துடிப்போ அதற்கு மேலோ ஏறி நின்றால் அது கோளாறென்று வைத்திய நூலே சொல்லுகிறது. இதற்கு யந்திரம் வேண்டாம். கடிகாரமும் விரலும் போதும். எண்ணிப் பார்க்கச் சோம்பியவர்கள் பிள்ளையைச் சோம்பேறி என்று சொன்னதுதான் வேடிக்கை.

நிற்க, சந்தேகப்படுகிறவர்களிடத்தும் ஒரு நியாயமுண்டு. பள்ளிகள் மூடி, பிள்ளைகள் வீட்டில் அடைபட்டுக்கிடந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளுமே சோர்ந்துதான் போனார்கள். இதில் கொரோனாவின் பங்கு எவ்வளவு என்பது கேட்கத் தகுந்த கேள்வியே. அதைக் கேட்டவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள். 2021 ஜனவரி முதல் மார்ச்சு வரை சோதனை செய்துகொண்ட 11 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகளில், கொரோனா கண்ட 3,065 பேரையும் காணாத 3,739 பேரையும் மூன்று மாதம் கழித்து விசாரித்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தொல்லைகள் இருப்பதாகச் சொன்னவர்கள், கொரோனா காணாதவர்களில் நூற்றுக்கு 16.2, கண்டவர்களில் 30.3. காணாதவர்களிடத்தும் தொல்லை இருந்தது என்பதை மறைக்கவில்லை. கண்டவர்களிடத்து ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. வருஷம் செல்லச்செல்லப் பலர் தேறினார்கள், சிலர் இரண்டு வருஷமாகியும் தேறவில்லை என்பதும் அவர்களே சொன்னது. சந்தேகமென்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்? கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திராதவனைச் சந்தேகி என்பதா, பிடிவாதக்காரன் என்பதா?

அத்தேசத்துப் பிரதம மந்திரியாயிருந்த போரிஸ் ஜான்சன், 2020 அக்டோபரில் லாங் கோவிட்டைப் பற்றி முன்வைக்கப்பட்ட காகிதத்தின் ஓரத்தில், அது பிதற்றல் என்று பொருள்படும் ஒரு கொச்சை வார்த்தையைக் கிறுக்கினார். அது 2023-ல் விசாரணைக் கமிஷன் முன் வெளிப்பட்டபின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தலைமை மந்திரிக்கே இந்த எண்ணமென்றால், கிராமப் பள்ளி உபாத்தியாயரை மாத்திரம் நொந்து என்ன பயன்?

இந்த அவநம்பிக்கைக்குத் தண்டம் கட்டுகிறவர்கள் பெற்றோர்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோருக்கு அங்கே அபராதம் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து அது 160 பவுன், 21 நாளுக்குள் கட்டினால் 80. வியாதியினால் வராமலிருப்பது குற்றமல்ல என்று சட்டமே சொல்லுகிறது. ஆனால் வியாதியே இல்லையென்று பள்ளிக்கூடம் தீர்மானித்துவிட்டால் சட்டம் எந்த மூலைக்கு? இதனினும் கொடிது, தாயே வியாதியைக் கற்பித்துச் சொல்லுகிறாள் என்ற பழி. அப்பழி சுமத்தி, பிள்ளையைப் பிரித்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சில தாய்மார் வைத்தியரிடம் முழு விவரம் சொல்லவே அஞ்சுகிறார்கள். ஆண்பிள்ளை சொன்னால் தகவல், பெண்பிள்ளை சொன்னால் ஹிஸ்டீரியா என்கிற புத்தி எத்தேசத்துக்கும் பொதுவாயிருக்கிறது.

கைவிடப்பட்டவனைத் தேடித்தான் போலி வைத்தியன் வருவான். இரத்தத்தைக் கழுவித் தருகிறோம் என்று சைப்ரஸ் முதலிய இடங்களில் கடை திறந்தவர்களிடம் நோயாளிகள் சேர்த்துவைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்ததை, 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் விசாரித்து வெளியிட்டது. பணம் கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நியாயமான கதவுகளைச் சாத்தியவர்கள் யார் என்பதை முதலில் கேட்கவேண்டும்.

2025-ல் அக்கமிஷன் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைத் தனியாக விசாரித்தது. அதன் முடிவு எதுவாயினும், பள்ளிக்கூடங்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. தேறாத பிள்ளைக்கு அரைநாள் பள்ளி போதும். படுத்து இளைப்பாற ஓர் அறை வேண்டும். வராத நாளில் பாடம் வீட்டுக்குப் போகவேண்டும். தேகப்பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று துரத்தக்கூடாது. தவறாமல் வந்த பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம். வியாதி வராமலிருந்தது அப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனமல்லவே.