வேகமாகத் தள்ளினால் கலந்துவிடுமா?

காப்பிக்கடையில் தே தாரிக் ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கைநீளத்துக்கு இழுத்து ஊற்றுவார்கள். இரண்டு மூன்று முறை ஆற்றியதும் பாலும் தேநீரும் ஒன்றாகிவிடும். திரவங்களைக் கலப்பது பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் இப்படிக் கண்ணால் பார்த்துக் கற்றதுதான். வேகமாக ஊற்றினால், வேகமாகக் கலக்கும்.

என் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தில் இந்த நம்பிக்கையால் ஆறு வாரங்களை இழந்தேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு. அறிவியல் பாடத்தில் சூத்திரங்களை நன்றாகவே கற்கிறோம். ஆனால், செய்முறையைத் தொடங்குமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை.

என் திட்டம் நுண்பாய்மவியலைச் சேர்ந்தது. தலைமுடி அளவே உள்ள கால்வாய்களில் திரவங்களை ஓடவிட்டு ஆராயும் துறை இது. நீங்களும் இதன் உறவினர் ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். கொவிட்-19 காலத்தில் வீட்டில் பயன்படுத்திய ஏஆர்டி கருவியில் பம்பு கிடையாது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, மை ஒற்றும் தாளைப்போல் திரவத்தை இழுத்துக்கொண்டு கோடுகள் வரை கொண்டுசேர்க்கிறது.

நான் செய்ய வேண்டியது எளிய வேலைதான். 200 மைக்ரோமீட்டர் அகலமும் அதே ஆழமும் கொண்ட கால்வாய். அதன் நீளம் 3 சென்டிமீட்டர். ஒரு வாயிலில் சிவப்புச் சாயநீர், மற்றொன்றில் நீலம். மறுமுனையில் ஊதா நிறம் வர வேண்டும். வரவில்லை. சிவப்பும் நீலமும் நெடுஞ்சாலையின் இரு தடங்கள்போல் ஒட்டியபடியே ஓடி, ஒட்டியபடியே வெளியேறின. பம்பின் வேகத்தைக் கூட்டினேன். நடுவில் இருந்த கோடு இன்னும் தெளிவானது.

இத்தனைக்கும் கணினி மாதிரியில் நிறங்கள் அழகாகக் கலந்திருந்தன. அதனால் சில்லில்தான் கோளாறு என்று நினைத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். ஆறாவது வாரம் என் மேற்பார்வையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இவை கலக்க எவ்வளவு நேரம் வேண்டும், நீ எவ்வளவு நேரம் கொடுக்கிறாய்?” ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் எண், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் பெயரில் வழங்குவது. 1883ஆம் ஆண்டு அவர் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தைச் செலுத்தி, அது எப்போது நேர்கோடாக ஓடுகிறது, எப்போது சுழன்று கலைகிறது என்று ஆராய்ந்து எழுதினார். திரவத்தின் நிலைமம் அதன் பாகுத்தன்மையைவிட எத்தனை மடங்கு ஓங்கியிருக்கிறது என்பதை ரெனால்ட்ஸ் எண் சொல்லும். வட்டக் குழாயில் அது ஏறத்தாழ 2,000ஐத் தாண்டும்போதுதான் கொந்தளிப்பு தலைகாட்டும். என் கால்வாயில் நீரின் வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர். எனக்குக் கிடைத்த எண் 2. அங்கே சுழல் எழ வழியே இல்லை. திரவம் அடுக்கடுக்காகத்தான் ஒழுகும்.

சுழல் இல்லையென்றால் எஞ்சுவது விரவல் மட்டுமே. அதாவது, சாய மூலக்கூறுகள் தாமாகவே இங்குமங்கும் அலைந்து மறுபக்கம் சேர வேண்டும். அதற்கான நேரம் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாதாரணச் சாயம் 200 மைக்ரோமீட்டரைக் கடக்கத் தோராயமாக 40 விநாடி தேவை. நான் கொடுத்ததோ 3 விநாடி. அந்த வேகத்தில் கலக்க 40 சென்டிமீட்டர் நீளக் கால்வாய் வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் 80 சென்டிமீட்டர். பம்பைத் திருகத் திருக நான் இலக்கை விட்டுத்தான் விலகிப் போயிருக்கிறேன்.

அப்படியானால் கணினி ஏன் பொய் சொன்னது? அது கால்வாயைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. நான் வைத்த கட்டங்கள் பெரியவை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறத்தைச் சராசரியாக்கியதால், நிஜத்தில் நடக்காத கலப்பு திரையில் நடந்தது. படம் வண்ணமயமாக இருந்ததால் நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

விடையும் அதே கணக்கில்தான் இருந்தது. அகலம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்றாகும். எனவே இரு நிறங்களையும் மெல்லிய அடுக்குகளாக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்ரகாம் ஸ்ட்ரூக்கும் அவருடைய குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட வழி இதுதான். கால்வாயின் தரையில் மீன்முள் வடிவில் சாய்ந்த பள்ளங்களை வெட்டினார்கள். பரோட்டா மாவை மடித்து மடித்து வீசுவதுபோல் அந்தப் பள்ளங்கள் திரவத்தை மடிக்கின்றன. கொந்தளிப்பு இல்லாமலே சில சென்டிமீட்டருக்குள் கலந்துவிடுகிறது. மரபணு மருந்துகளைச் சுமக்கும் கொழுப்பு நுண்துகள்களை ஆய்வுக்கூடங்களில் தயாரிக்க இவ்வடிவம் இன்று பயன்படுகிறது. எவ்வளவு விரைவாகக் கலக்கிறது என்பதைப் பொறுத்தே துகளின் அளவு அமையும். அங்கே கலப்பு பிசகினால் மருந்தே பிசகும்.

எனக்குத் தேவைப்பட்ட கணிதம் பெருக்கலும் வகுத்தலும்தான். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் அது தெரியும். எண்களைச் சூத்திரத்தில் போட எனக்கும் தெரிந்திருந்தது. இந்தச் சிறிய அளவில் எந்த விசை ஓங்கும் என்று கேட்கத்தான் தெரியவில்லை. தேர்வில் அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. கேள்வியிலேயே எல்லா எண்களும் இருக்கும், எந்தச் சூத்திரம் என்பதும் தெரிந்துவிடும்.

“பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, இதற்கு நேரம் ஏது?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் புதிய பாடம் எதையும் கேட்கவில்லை. இருக்கும் செய்முறைத் தாளிலேயே “விடை ஏறத்தாழ எவ்வளவு வரும், ஏன்?” என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கினால் போதும். மதிப்பீடு தவறாக இருந்தாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் தரலாம்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் கணக்கிடும்போது இது எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். என் கணினியும் நொடியில்தான் கணக்கிட்டது. அது தந்த விடை தவறு என்று சொல்ல எனக்கு அந்தத் துண்டுத்தாள் தேவைப்பட்டது.

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த செய்முறை வகுப்பில் கருவியை முடுக்குவதற்கு முன், என்ன எண் வரும் என்று நோட்டுப்புத்தக ஓரத்தில் எழுதிவையுங்கள். வந்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள். பொருந்தாவிட்டால், ஆசிரியரிடம் கேட்க உங்களிடம் நல்ல கேள்வி ஒன்று இருக்கும்.