பந்தயச் சீட்டும் தூண்டிற்கோலும்

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று ஒரு குடும்பத் தலைவியுடையது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அவருடைய மாமனார் இரங்கூனில் வாழ்ந்த காலத்தில் குதிரைப் பந்தய நாளைத் தவறவிட்டதேயில்லையாம். இப்பொழுது கணவரும் வாரந்தோறும் பந்தயக் கடைக்குப் போகிறார். கேட்டால், "அளவாகத்தான் கட்டுகிறேன்" என்பது பதில். பன்னிரண்டு வயது மகனோ ஏரியில் மீன் பிடிக்கத் தூண்டிற்கோல் வேண்டுமென்று நச்சரிக்கிறான். "அளவாகப் பந்தயம் கட்டுவது என்று ஒன்று உண்டா? பையனுக்கு எப்படிப்பட்ட கோல் வாங்குவது?" என்று அந்த அம்மையார் கேட்கிறார். இரண்டுக்கும் இவ்வாரம் விடை கூற முயல்கிறேன்.

இரங்கூன் பந்தயத்தைப் பற்றி நம் பெரியவர்கள் பேசும்போது கண்கள் ஒளிர்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரங்கூன் டர்ஃப் கிளப்பின் சைக்கசான் மைதானத்தில் துரைமார்களும் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் ஒரே ஓட்டத்தைப் பார்த்து ஆர்ப்பரித்த காலம் ஒன்று இருந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவருடைய புரட்சிக் கவுன்சில் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்தது. 1974 டிசம்பரில் ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் ஊ தாண்டின் உடல் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டதும், மாணவர்கள் அதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிச் சென்றதும் குதிரைகள் ஓடி ஓய்ந்த அதே மைதானத்திலிருந்துதான்.

பந்தயம் நின்ற இரண்டாண்டுகளில் நம் குடும்பங்களுக்கு வேறொரு அடி விழுந்தது. 1964 இல் கடைகள் நாட்டுடைமையாயின. 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாயின. சூதாடாமலே பணத்தை இழந்தவர்கள் நம்மவர்கள். சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரே நாளில் பறிகொடுத்தவனுக்கு, ஒரே நாளில் மீட்டுவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசை தந்தையிடமிருந்து மகனுக்கும் இறங்கிவிடுகிறது. ஆகையால் அந்தக் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவரோடு அமர்ந்து கணக்குப் பார்க்கவே விரும்புகிறேன்.

பந்தயப் பிரியர்கள் ஒரு தீர்ப்பை எடுத்துக்காட்டுவதுண்டு. தமிழ்நாடு அரசு 1974 இல் சட்டமியற்றிக் குதிரைப் பந்தயத்தைத் தடுக்க முயன்றது. வழக்கு நெடுங்காலம் நடந்து, 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டன்று என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானதே. குதிரையின் முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஓட்ட தூரம், தரையின் ஈரம், ஜாக்கியின் கைத்திறன் ஆகியவற்றை ஆராய்ந்தவனுக்கு ஆராயாதவனைவிட மேலான வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த ஆராய்ச்சியை மற்றவர்களும் செய்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எல்லோரும் நல்லதென்று கருதும் குதிரைக்கு விலை குறைந்துவிடுகிறது. எனவே எந்தக் குதிரை வெல்லும் என்று அறிந்தால் மட்டும் போதாது. எந்தக் குதிரைக்கு அதன் தகுதியைவிட நல்ல விலை கிடைக்கிறது என்றும் அறிய வேண்டும்.

அதற்கும் மேலே கடைக்காரரின் பங்கு இருக்கிறது. ஐந்து குதிரைகள் ஓடும் பந்தயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலைகள் முறையே ஒன்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று இருக்கட்டும். எது வென்றாலும் கைக்கு 100 திரும்பி வரவேண்டுமானால் முதற் குதிரைமீது 33.33, இரண்டாவதன்மீது 25, மூன்றாவதன்மீது 20, நான்காவதன்மீது 16.67, ஐந்தாவதன்மீது 14.29 கட்ட வேண்டும். கூட்டினால் 109.29 வரும். 109.29 கொடுத்து 100 பெறுகிறோம், எஞ்சிய 9.29 கடைக்காரருடையது. டோட் முறையிலும் இதே கதைதான். அங்கே எல்லோரும் கட்டிய பணத்திலிருந்து வரியும் கழிவும் எடுத்தபின் மீதியே வென்றவர்களுக்குப் பங்கிடப்படுகிறது.

யாங்கூனில் குதிரைகள் போனபின் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட இரண்டு இலக்கச் சூதாட்டம் இதைவிடக் கொடியது. தாய்லாந்துப் பங்குச் சந்தைக் குறியீட்டின் இலக்கங்களை வைத்து ஆடுவது அது. 00 முதல் 99 வரை நூறு எண்கள் இருக்க, வென்றவனுக்குப் பொதுவாக 80 மடங்கே தருகிறார்கள். நூறு எண்களிலும் நூறு நூறாகக் கட்டினால் 10,000 போய் 8,000 வரும். அதாவது நூற்றுக்கு 20 நட்டம். மேலே சொன்ன குதிரைக் கணக்கில் நட்டம் நூற்றுக்கு ஏறத்தாழ 8.5. கனவில் கண்ட எண்ணுக்கு ஆராய்ச்சியும் இல்லை, திறமையும் இல்லை.

இரண்டு மயக்கங்களைக் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். முதலாவது, வெல்லும் வாய்ப்பே இல்லாத குதிரைக்குப் பெரிய விலை கண்டு மயங்குவது. மக்கள் இத்தகைய குதிரைகள்மீது தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்பதை 1949 இலேயே கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் பந்தயப் பதிவுகளைக் கொண்டு காட்டினார். இரண்டாவது, தோற்றால் தொகையை இரட்டிப்பது. 100 இல் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் இழந்தது 12,700. எட்டாம் முறை 12,800 கட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற விலையில் அதிலே வென்றாலும் மிஞ்சும் இலாபம் வெறும் 100!

ஆகவே அம்மையாரின் முதற் கேள்விக்கு என் விடை: அளவான பந்தயம் உண்டு, ஆனால் அது வருமானமன்று, செலவு. திரைப்படம் பார்க்கக் கொடுக்கும் பணத்தைப்போல அதையும் போனதாகவே எண்ண வேண்டும். வாடகை, உணவு, பள்ளிச் செலவு, ஊரிலுள்ளோர்க்கு அனுப்பும் பணம் எல்லாம் எடுத்து வைத்தபின், மாதத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையைத் தனி உறையில் இடுங்கள். உறை காலியானால் அம்மாதம் பந்தயம் முடிந்தது. கடன் வாங்கிக் கட்டாதீர்கள். ஒரே அளவான தொகையை, ஓரிரு ஓட்டங்களில் மட்டும் கட்டுங்கள். வென்றதையும் தோற்றதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதை மனைவி பார்க்கும் இடத்தில் வையுங்கள். மறைக்கத் தோன்றும் நாளே அளவு மீறிய நாள். நிறுத்த முயன்றும் முடியவில்லையானால் அது ஒழுக்கக் கேடு என்று ஏசுவதில் பயனில்லை. 1980 இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனை நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருத்துவரிடம் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிப் பையனின் தூண்டிற்கோலுக்கு வருவோம். இரங்கூனில் வளர்ந்தவர்களுக்கு இன்யா ஏரியும் அரச ஏரியும் நினைவுக்கு வரும். கரையோரம் மூங்கிற் கோலுடன் தக்கையைப் பார்த்தபடி அமர்ந்திருப்பதற்குச் செலவு ஏது?

ரீல் இல்லாத கோலே தொடக்கத்துக்கு நல்லது. நரம்பை நுனியில் கட்டி, ஏறக்குறையக் கோலின் நீளத்துக்கே விட்டால் சிக்கல் விழாது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூன்று மீற்றர் நீளம் போதும். பெரியவர்கள் தக்கை மீன்பிடிப்புக்கு 12, 13 அடிக் கோலை விரும்புவார்கள். சிறுவன் கை அரை மணியில் சோர்ந்துவிடும். கடையில் கோலை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நுனி கீழே இழுப்பதுபோல் தோன்றினால் அது அவனுக்கு ஏற்றதன்று.

முற்றிய மூங்கிலை நிழலில் நன்கு உலர்த்தினால் மலிவான, நல்ல கோல் கிடைக்கும். கண்ணாடியிழைக் கோல் சற்றுக் கனம். ஆனால் மோதலையும் மிதியையும் தாங்கும். கார்பன் கோல் இலேசானது, விலை கூடியது, கல்லில் மோதினால் விரிசல் விடும். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதை எவரும் மறக்கக் கூடாது. மின்கம்பிகளின் கீழோ இடி மின்னல் வேளையிலோ அதை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து. இக்காரணத்தாலும் பையனுக்குக் கண்ணாடியிழையையே பரிந்துரைப்பேன்.

பழைய கோல் வாங்குவதிலும் தவறில்லை. நுனியை மெல்ல வளைத்துப் பாருங்கள்; வளைவு ஒரே சீராக ஓட வேண்டும், ஓரிடத்தில் முறிந்தாற்போல் மடங்கக் கூடாது. ரீல் பூட்டும் கோலானால் வளையங்கள் ஒவ்வொன்றிலும் சிறிது பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அவ்வளையத்தில் விரிசல் உண்டு. அது நரம்பை அறுத்துவிடும். மெல்லிய நரம்புக்கும் சிறு முள்ளுக்கும் நுனி இளகிய கோலே பொருந்தும். தக்கையின் தலை மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி ஈயக்குண்டுகளைக் கட்டுங்கள். தக்கை மிக மிதந்தால் மீன் அதன் இழுப்பை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். நாம் குடியேறியுள்ள நாடுகள் பலவற்றில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். விருந்தாளிகளாய் வந்த நமக்குச் சிறு தண்டமும் பெரிய தலைவலி.

அம்மையாருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கோல் வாங்கும் பணத்தைக் கணவரின் பந்தய உறையிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். கோலைத் தேர்ந்தெடுக்கவும் அவரையே அனுப்புங்கள். பிறகு பையனோடு ஏரிக்கும் அவர்தான் போகட்டும். பாட்டனார் சைக்கசானில் கண்ட குதிரைகளைப் பற்றி அங்கே அவர் சொல்லட்டும். தக்கை அசையும் வரை நேரம் இருக்கும், பையனும் கேட்டுக்கொண்டிருப்பான்.